ஏழாம் கட்டில்காரர் சொன்ன நன்றி

"சிஸ்டர், ஏழாம் நம்பர் பெட் எனக்கு வேண்டாம். வேற யாரையாவது கொடுங்க."

சொன்னவர் ஞானசிகாமணி. நர்சிங் கல்லூரியில் பதினாலு வருடமாக ஆசிரியர். நோயாளியின் நிலையை நர்ஸ் எப்படி அறிந்துகொள்வது என்பதுதான் அவர் நடத்தும் பாடம். அதற்காக நாற்பத்திரண்டு கேள்விகள் உள்ள படிவம் ஒன்றை அவரே தயாரித்திருந்தார்.

ஆசிரியர்களும் வருடத்துக்கு ஒரு மாதம் வார்டில் வேலை பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் புது விதி வந்தது. அப்படித்தான் ஜில்லா ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த வார்டின் பொறுப்பு எமல்டா சிஸ்டரிடம். ஞானசிகாமணியைவிட ஆறு வயது இளையவர்.

"ஏன் சார், என்ன ஆச்சு?"

"மூணாவது கேள்வியிலேயே திட்ட ஆரம்பிச்சுட்டார்."

"என்ன சொல்லித் திட்டினார்?"

"அது எதுக்கு சிஸ்டர்?"

"சொல்லுங்க."

ஞானசிகாமணி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "'நீ என்ன மக்கள் தொகை கணக்கெடுக்க வந்தியா? வீட்டுல எத்தனை ஆடு இருக்குன்னும் கேளேன்'னார்."

"ஒரே மூச்சுல சொன்னாரா, நடுவுல நிறுத்தி நிறுத்திச் சொன்னாரா?"

"ஒரே மூச்சுல."

"நல்லது" என்றார் எமல்டா. ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழாம் கட்டிலில் இருந்தவர் சுடலைமுத்து. பஸ் கண்டக்டர். பஸ் படியிலிருந்து விழுந்து இடது விலாவில் அடி. எலும்பு எதுவும் முறியவில்லை. எதற்கும் நாலு நாள் வைத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வந்த அன்றே அவர் இட்லியைத் திட்டினார். தலையணையைத் திட்டினார். பார்க்க வந்த டாக்டரைத் திட்டினார். ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்து ரொம்ப நேரம் திட்டினார்.

மறுநாள் ஞானசிகாமணி முகம் சிவந்து வந்தார்.

"சிஸ்டர், டம்ளரைத் தூக்கி எறிஞ்சுட்டார்!"

"எந்தக் கையால?"

"என்னது?"

"எந்தக் கையால எறிஞ்சார்?"

"இடது கையால."

"எவ்வளவு தூரம் போச்சு?"

"ஒன்பதாம் நம்பர் பெட் வரைக்கும்."

"ரொம்ப நல்லது."

ஞானசிகாமணிக்குப் பொறுக்கவில்லை. "சிஸ்டர், உங்ககிட்ட ஏதாவது கத்துக்கலாம்னு வந்தேன். திட்டினாரா, எறிஞ்சாரான்னு கேக்கறீங்க. பல்ஸ் என்ன, பி.பி. என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலை."

"நீங்க எழுதியிருப்பீங்களே?"

"எழுதியிருக்கேன்."

"அப்புறம் என்ன? பெட் மாத்த முடியாது சார். நாளைக்கும் ஏழாம் நம்பரையே பாருங்க."

மூன்றாம் நாள் காலை பத்து மணி. ஞானசிகாமணி கிட்டத்தட்ட ஓடி வந்தார். கையில் படிவம்.

"முடிச்சுட்டேன் சிஸ்டர்! நாற்பத்திரண்டு கேள்விக்கும் பதில் வாங்கிட்டேன்!"

எமல்டா ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"திட்டினாரா?"

"ஒரு வார்த்தை இல்ல. மனுஷன் அடியோட மாறிட்டார். பல்ஸ் தொண்ணூத்தெட்டு. நூறு வரைக்கும் நார்மல்தான். காய்ச்சல் இல்ல. பி.பி. கொஞ்சம் இறங்கியிருக்கு, ஆனா நார்மல். கடைசியில என்ன சொன்னார் தெரியுமா? 'ரொம்ப நன்றி தம்பி, உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்'னார்."

எமல்டாவின் கை நின்றது.

"நன்றியா?"

"ஆமா, அவர் வாயாலயே..."

அவர் சொல்லி முடிக்குமுன் எமல்டா கட்டுத் துணியைப் பக்கத்திலிருந்த நர்சிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

ஏழாம் கட்டிலருகே சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள்.

"சிஸ்டர், உங்க ஆஸ்பத்திரிக்குக் கோடி புண்ணியம். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். இன்னிக்குத்தான் என்னைப் பாத்து 'வா, உக்காரு'ன்னு சொன்னாரு."

எமல்டா அவள் பக்கம் திரும்பவில்லை. சுடலைமுத்துவின் நெற்றியில் கை வைத்தார். ஈரமாக, சில்லென்று இருந்தது. வயிற்றின் இடது பக்கத்தை மெல்ல அழுத்தினார். கெட்டியாக இருந்தது.

"அண்ணாச்சி, இடது தோள் வலிக்குதா?"

"லேசா வலிக்கு தாயி. அது ஒண்ணுமில்ல. நீங்க போயி மத்தவங்களைக் கவனிங்க."

ஞானசிகாமணி படிவத்தைப் புரட்டினார். நாற்பத்திரண்டு கேள்விகளில் தோள் இல்லை.

"நேத்துப் பல்ஸ் எவ்வளவு சார்?"

"எழுபத்தாறு."

"முந்தாநாள்?"

"எழுபத்தி நாலு" என்றவர், அன்று எழுதிய தொண்ணூற்றெட்டை மறுபடி பார்த்தார்.

"ட்ராலி!" என்று எமல்டா கத்தியது வாசல் வரை கேட்டது.

"நல்லாத்தானே சிஸ்டர் பேசினாரு!" என்று பேச்சியம்மாள் அலறினாள்.

"அதுக்குத்தாம்மா கூட்டிட்டுப் போறோம்."

டாக்டர் தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஞானசிகாமணி நீட்டிய படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். 'நோயாளி முழுமையாக ஒத்துழைக்கிறார். மனநிலை: மகிழ்ச்சி' என்று கடைசி வரியில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"எல்லாம் நார்மலாத்தானே இருக்கு சிஸ்டர்?"

"வயிறு கெட்டியா இருக்கு டாக்டர். உடம்பு சில்லுன்னு இருக்கு. சுடலைமுத்து நன்றி சொல்றார்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

டாக்டர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடது விலாவுக்குள் அடிபட்டிருந்த மண்ணீரல் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு அன்று காலை கிழிந்திருந்தது. வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது; தோள் வலியும் அதனால்தான். நேராக ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் கொண்டுபோனார்கள். போகும்போதும் சுடலைமுத்து ட்ராலி தள்ளியவரிடம் "மெதுவாத் தள்ளுங்க ராசா, கை வலிக்கும்" என்றார். பேச்சியம்மாள் அதைக் கேட்டு இன்னும் பலமாக அழுதாள்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"பிழைச்சுக்குவார். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா என் கையில இல்ல."

பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள்.

எமல்டா வார்டுக்குத் திரும்பினார். ஞானசிகாமணி கை கழுவும் தொட்டியருகே நின்றிருந்தார். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் சிஸ்டர்."

எமல்டா குழாயை மூடினார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, தன் இரண்டு முழங்கால்களும் நடுங்கிக்கொண்டிருப்பது.