ஒன்பதாவது கோர்

“நான் வரைஞ்ச கோரை நானே அழிக்கணுமா, மேடம்?” என்றார் சவரிமுத்து.

தலைமை வடிவமைப்பாளர் பரிமளா நிமிர்ந்து பார்த்தார். வயதில் இளையவர்தான். ஆனால் அவரிடம் சிப் வடிவமைப்பு கற்கவென்றே பழைய கம்பெனியை உதறிவிட்டு வந்தவர் சவரிமுத்து.

“பன்னிரண்டு கோர். தூக்கம் கெட்டு வரைஞ்சிருக்கேன். நாலை எடுத்துட்டு அந்த இடத்தை கிராஃபிக்ஸுக்குக் குடுன்னா மனசு கேக்குமா?”

கட்டைவிரல் நகமளவு சிப். அதற்குள் கணக்குப் போடும் கோர்களும் குடியிருக்க வேண்டும், திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸும் குடியிருக்க வேண்டும். ஒருவர் வேலியை நகர்த்தினால் அடுத்தவருக்கு முற்றம் போய்விடும். இறுதி வரைபடம் அன்று மாலை தொழிற்சாலைக்குப் போகிறது. போனபின் ஒரு கோடுகூட மாற்ற முடியாது.

“படத்துக்கு எவ்வளவு இடம் வெச்சிருக்கீங்க?”

“எதுக்கு மேடம்? அதைத் தனி கிராஃபிக்ஸ் கார்டு பாத்துக்கும். மாதிரி சிப் என் மெஷின்ல அப்படித்தானே ஓடுது. வந்து வேகத்தைப் பாருங்க.”

பரிமளா போனார். மெஷினை அணைத்து, மூடியைக் கழற்றி, கிராஃபிக்ஸ் கார்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். மறுபடி பட்டனை அமுக்கினார்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

“ஓடுதா?”

“ஓடுது மேடம். போட்டதுமே சோதனை தானா ஆரம்பிச்சுடும். இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும்.”

“யாரு சொன்னா?”

சவரிமுத்து தன்னையறியாமல் கறுப்புத் திரைமுன் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தனிக் கார்டு போட முடியாதவங்களும் நம்ம சிப்பை வாங்குவாங்க, சார். அவங்களும் இப்படித்தான் குனிஞ்சு பாப்பாங்க.”

சவரிமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே மறுகோடிக்குப் பாய்ந்தார். பாவம், நடுவில் நிற்கத் தெரியாத மனிதர்.

“அப்போ எல்லாத்தையும் அழிச்சுடறேன். ரெண்டே கோர் போதும். மிச்சம் முழுக்க கிராஃபிக்ஸ்.”

“செய்ங்க. திரை பளபளன்னு இருக்கும். அதுல எதைக் காட்டப் போறீங்க?”

சவரிமுத்து தன் லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்தார்.

பன்னிரண்டாவது கோரை அழித்தார். வலித்தது. அடுத்ததை அழிக்கும்போது அவ்வளவாக வலிக்கவில்லை. பத்தாவதும் போனது.

ஒன்பதாவதை அழித்துவிட்டு, கிராஃபிக்ஸுக்காகக் காலியான மூலையில் விரலை வைத்தார்.

“மேடம், இந்தப் பக்கம் நல்லா வெளிச்சம் வரும்.”