திதிக்கு ஓட வேண்டிய வண்டி

மெக்கானிக் மாசிலாமணி திருட்டுப் பட்டத்தோடுதான் செத்தான். பெரிய முதலாளியின் பழைய பிக்கப் வண்டிக்கு இரும்புக் கடையில் கதவும் சீட்டும் பொறுக்கி, குறைந்த செலவில் உயிர் கொடுத்துக்கொண்டிருந்தான். பாதி வேலையில் இஞ்சினைக் காணோம். அவன்தான் விற்றுவிட்டான் என்றார் முதலாளியின் மூத்த மகன் நடேசன்.

முதலாளியும் போய்ச் சேர்ந்தபின், தம்பிகளை வைத்துக்கொண்டு மாசிலாமணியின் மனைவி செங்கமலத்திடம் நடேசன் சொன்னார்.

"அப்பா திதிக்கு அதே இஞ்சினோட வண்டி ஓடணும். இல்லேன்னா ஷெட்டைக் காலி பண்ணு."

மாசிலாமணி அந்த இஞ்சினை ஓட்டி ஓட்டிச் சரிபார்த்த முதலாளியின் ஷெட்டில்தான் அவளும் கைக்குழந்தையும் குடியிருந்தார்கள்.

செங்கமலம் தலை நிமிரவில்லை. "ஓட்டிடலாமுங்க. அன்னைக்கு மட்டும் உங்க தோப்புக்குத் தண்ணி பாய்ச்சாதீங்க."

"தோப்புக்கும் வண்டிக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

"ஒரே இஞ்சின் ரெண்டு எடத்துல ஓடாதுங்களே."

தம்பிகள் எழுந்து நடேசனின் தோப்புக்கு நடந்தார்கள். அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது அப்பாவின் வண்டி இஞ்சின்தான். மாசிலாமணி வைத்த வெல்டிங் ஒட்டு அப்படியே இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கடைசித் தம்பி கேட்டார்.

செங்கமலம் இடுப்பிலிருந்த குழந்தையைக் காட்டினாள். "எனக்கெங்கீங்க தெரியும்? தோப்பு வழியாப் போறப்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டா, இவன் அப்பாங்கறான்."

தம்பிகள் ஆள் வைத்து இஞ்சினை மாட்டினார்கள். திதியன்று வண்டி ஓடியது. செங்கமலத்தின் இடுப்பிலிருந்த குழந்தை, முன்சீட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்தது.