கால் மணி நேர எலுமிச்சை

பத்தாம் வகுப்பில் தனக்கு வேதியியல் நடத்திய சற்குணம் சார், ஓய்வு பெற்ற கையோடு தன்னிடமே அத்தர் கலக்கக் கற்றுக்கொள்ள வந்து நிற்பார் என்று மைமூன் கனவிலும் நினைத்ததில்லை. மேலப்பாளையத்தில் அவளுடைய கடை மாடிதான் இப்போது அவருக்குப் பள்ளிக்கூடம்.

அன்று பதினோராவது குப்பியை அவள் முன்னால் வைத்தார்.

“டீச்சர், இதுலயாவது எலுமிச்சை நிக்குதா பாருங்க.”

மைமூன் காகிதப் பட்டையை நனைத்து முகர்ந்தாள்.

“சாம்பிராணிப் பிசினை அள்ளிப் போட்டு அமுக்கிட்டீங்களே சார். பாவம், அதுக்கு மூச்சு முட்டுது.”

“போடலைன்னா கால் மணி நேரத்துல பறந்துருதே!”

“லேசானது முதல்ல ஆவியாகும்னு நீங்கதான சொன்னீங்க? மாத்தி எழுதினேன்னு எனக்கு முட்டை போட்டீங்க.”

சார் சிரிக்கவில்லை.

போன வருஷக் காய்ச்சலோடு அவர் மனைவி எஸ்தருக்கு மூக்கு செத்துப்போனது. மல்லிகையும் தெரியாது, மீன்குழம்பும் தெரியாது. எலுமிச்சை ஒன்றுதான் எட்டுகிறது. அதை ஒரு பகல் முழுக்க அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அவர் இந்தப் படியேறியதே.

“முடியுமா முடியாதா? அதைச் சொல்லிருங்க டீச்சர்.”

“சொல்றேன். வாசம் போனதும் என்ன செய்வீங்க?”

“திரும்பத் தடவி விடுவேன்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“எட்டு, ஒம்பது. அவ அடுப்படியில நிப்பா, கொல்லையில நிப்பா. குப்பியைத் தூக்கிக்கிட்டு நான் பின்னாலயே அலையணும்.”

“அம்மா என்ன சொல்வாங்க?”

“என்ன சொல்லுவா, கையை நீட்டுவா. ‘இது போயிருச்சு, வாங்க’ம்பா. சில நேரம் வாசம் அப்படியே இருக்கும். எனக்கே தெரியும். இருந்தாலும் போயிருச்சும்பா, கள்ளி.”

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மைமூன் பிசின் டப்பாவை மூடித் தள்ளி வைத்தாள். சின்னக் குப்பி ஒன்றில் எலுமிச்சைத் தைலத்தை மட்டும் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இது கால் மணி நேரம்தான் நிக்கும் சார். பொழுது சாயுற வரைக்கும் நிக்கிறதும் எனக்குச் செய்யத் தெரியும். எது வேணும்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”