ஆய்வகத்துக்குள் மாப்பிள்ளை

கோணக்குளம் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

ஒருநாள் கல்வி அதிகாரி வந்து, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார். "ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கணும். இனிமே உங்களுக்குள்ள என்ன பேச்சா இருந்தாலும் குரூப்பிலேயே பேசுங்க" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

அன்றோடு ஆசிரியர்கள் தங்களுக்குள் வாய் திறப்பதை விட்டுவிட்டார்கள். மதியச் சாப்பாட்டில் தலைமையாசிரியர் பிச்சாண்டி, எதிரே உட்கார்ந்திருந்த பூரணம் டீச்சரிடம் குரூப்பில் ஊறுகாய் கேட்டார். எங்கள் பள்ளியில் நார்த்தங்காய் இருக்கிறது என்று மேலத்தூரிலிருந்து பதில் வந்தது. பூரணம் டீச்சருக்கு சிக்னல் கிடைப்பதற்குள் பிச்சாண்டி கைகழுவிவிட்டார்.

அறிவியல் ஆசிரியர் வெயிலுமுத்துவுக்கு நாற்பது நெருங்கியும் கல்யாணம் கூடவில்லை. பார்த்த இடமெல்லாம் கைநழுவிப் போய், கடைசியாக அதே குரூப்பில் இருந்த மேலத்தூர்க் கணக்கு டீச்சர் மரகதவல்லி வீட்டில் பெண் பார்க்க வரச்சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம். பாவம், மனுஷன் காலையிலேயே புதுச்சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தார்.

மதியம் அவர் ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தபோது, பிச்சாண்டி உள்ளே பார்க்காமல் கதவை இழுத்துப் பூட்டினார். வெயிலுமுத்து அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கத்தலாமா? கூடாதே! கையைத் துடைத்துக்கொண்டு குரூப்பில் எழுதினார்: "சார், நான் உள்ளே இருக்கேன். பொண்ணு பார்க்கப் போகணும். இதுவும் தட்டிப்போனா எங்கம்மா தாங்கமாட்டாங்க."

பிச்சாண்டியும் பூரணம் டீச்சரும் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, குனிந்த தலை நிமிராமல் ஆலோசித்தார்கள்.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்று எழுதினார் டீச்சர்.

"என்கிட்டத்தான்."

"அப்ப அதை குரூப்புல போடுங்க சார்."

பிச்சாண்டி சாவியைப் படம் பிடித்துப் போட்டார்.

"சாவி வந்துருச்சு சார். ஆனா பூட்டு வெளியில இருக்கே?" என்று கேட்டார் வெயிலுமுத்து.

"அதுக்கென்ன, அதையும் அனுப்புறேன்."

பூட்டும் வந்தது. ஆனால் ஒரு போனில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடிந்தது. பூரணம் டீச்சருக்கு இளகிய மனசு. தன் போனையும் கம்பி வழியாக உள்ளே கொடுத்தார். அதோடு அவர் பேச்சு நின்றுபோனது. வெயிலுமுத்து ஒரு போனில் பூட்டையும் மற்றதில் சாவியையும் வைத்து, இரண்டையும் சேர்த்து அழுத்தித் திருகு திருகென்று திருகினார். சட்டையெல்லாம் வியர்வையில் தொப்பலாக நனைந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இதையெல்லாம் குரூப்பில் படித்துக்கொண்டிருந்த மரகதவல்லி, அப்பாவை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். அப்பா ஆசிரியர் இல்லை என்பதால் வாயாலேயே பேசினார்.

"ஏன் சார், சாவியைப் போட்டுத் திறந்தா என்ன?"

குரூப்பில் இல்லாதவருடைய யோசனையை எப்படி ஏற்பது? பிச்சாண்டி மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

மரகதவல்லி ஜன்னலருகே போனார். கம்பிக்கு இந்தப் பக்கம் பெண், அந்தப் பக்கம் மாப்பிள்ளை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மரகதவல்லிக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையைக் குனிந்து போனை எடுத்துக் குரூப்பில் எழுதினார்: "எனக்குப் பூரண சம்மதம். இவ்வளவு முயற்சி எடுக்கிற மனுஷரை நான் பார்த்ததே இல்லை."

வாழ்த்துகள் குவிந்தன. பிச்சாண்டி முகூர்த்தம் எப்போது என்று கேட்டார். தை பிறக்கட்டும் என்றார் மேலத்தூர்த் தலைமையாசிரியர். மண்டபம்கூட முடிவாகிவிட்டது.

வெயிலுமுத்துவுக்கு இது எதுவுமே தெரியாது. வந்த பெண் ஒரு பார்வை பார்த்துவிட்டு போனுக்குள் குனிந்துகொண்டார். அவ்வளவுதான், இந்த இடமும் போயிற்று என்று நினைத்தார். அணைந்த போன்களைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

மரகதவல்லி பதறிப்போனார். கைக்கெட்டும் தூரத்தில் நின்று அழுகிறவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசர அவசரமாகக் குரூப்பில் தட்டினார்:

"அவர் ஏன் அழறார்? யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்!"