கணக்கில் வராத பெனியன்

வட நோர்வேயில் ஒரு குடாக்கடல். மே மாதத்திலும் மலை உச்சியில் பனி கிடக்கும். கீழே கரையில் ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு வெயில் காய்வார்கள். அந்தக் கரையில் ஆரணி கயாக் விடவும், கயாக்கில் இருந்தபடி மீன் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தாள். கயாக் என்பது ஒற்றை ஆள் கால் நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு. ஆள் கொஞ்சம் சரிந்தாலும் கவிழும்.

ஆரணி அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவளிடம் படித்த ஒருவரைக்கூட அந்தக் கடல் கொண்டுபோனதில்லை. ஒரு குருவுக்கு இதைவிட வேறென்ன பட்டம் வேண்டும்?

அவளிடம் அருளம்பலம் மாணவராக வந்து சேர்ந்தார். அவளைவிட ஒரு தலைமுறை மூத்தவர். நோர்வேக்கு வந்த காலம் முதல் ஓய்வு பெறும் வரை மீன் தொழிற்சாலையில் கொட் மீன் வெட்டியவர். அவருடைய மேசைக்கு வரும்போதே மீனுக்குத் தலை இருக்காது.

“ஒருக்காலாவது உயிரோட ஒண்டைப் பிடிச்சு, அதின்ர முகத்தைப் பாக்கவேணும் ரீச்சர்,” என்றார்.

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்த ஆசை அது. ஆரணி சிரிக்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

முதல் நாள் அவர் அரைக்கைச் சட்டையோடு வந்தார். கையில் குளிருக்குப் போடும் ஜம்பர் இரண்டு.

“நல்லா வெயில் எறிக்குது. ஒரு ஜம்பர் காணுமோ, ரெண்டும் போடவோ?”

ஆரணி ஒரு வாளியில் கடல் தண்ணீர் அள்ளி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“ரெண்டு கையையும் உள்ள வையுங்கோ. வைச்சுக்கொண்டு ஏதாவது கதையுங்கோ.”

அவர் மருமகன் வாங்கிய புதுக் காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கார் கடையை விட்டு வெளியே வருமுன் பேச்சு நின்றுபோனது.

“இப்ப எடுங்கோ. சட்டைப் பொத்தானைப் பூட்டுங்கோ.”

அவரால் முடியவில்லை. விரல்கள் யாருடையவையோ போலப் பொத்தானைச் சுற்றிச் சுற்றி வந்தன.

“உந்தக் கையாலதான் கவிண்ட கயாக்கைப் பிடிச்சு ஏறவேணும்,” என்றாள். “வெயிலைப் பாத்து உடுக்காதேங்கோ அங்கிள். விழப்போற இடத்தைப் பாத்து உடுங்கோ.”

பிறகு உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் வைத்தாள். தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி. அதற்கு மேல் பொசுபொசுவென்ற ஃபிளீஸ் சட்டை. எல்லாவற்றுக்கும் மேல் பாதம் வரை மூடிய டிரை சூட். கழுத்தையும் மணிக்கட்டையும் ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கடல் உள்ளே வராது.

“பருத்தி மட்டும் வேண்டாம். ஈரம் பட்டால் அது காயாது. ஆளை விறைக்கப் பண்ணிப்போடும்.”

“சரி ரீச்சர். பருத்தி இல்லை.”

சொன்ன சொல்லை அவர் மனதாரச் சொன்னார். ஆனால் வீட்டில் கம்பளியைப் போட்டபோது அவர் உடம்பில் ஏற்கெனவே ஒரு பெனியன் இருந்தது. வெள்ளைப் பருத்திப் பெனியன்.

இதில் அவருக்கு ஒரு கள்ளமும் இல்லை. எங்கள் ஆண்களுக்குப் பெனியன் உடுப்பில் சேர்த்தி இல்லை. குளித்து, துடைத்து, பெனியனைப் போட்ட பிறகுதான் ‘இண்டைக்கு என்ன உடுப்பம்’ என்ற யோசனையே வரும். பெனியனோடு நிற்கும்போது வாசலில் யாராவது வந்தால், ‘பொறுங்கோ, உடுத்திக்கொண்டு வாறன்’ என்றுதானே உள்ளே ஓடுகிறோம்.

ஆரணி அவருக்குக் கரையோரத்தில் கவிழப் பழக்கினாள், கவிழ்ந்து ஏறப் பழக்கினாள். எல்லாம் கொஞ்ச நேர வேலை. குளிர் பிடிக்குமுன் கரை வந்துவிடும். கிழவர் நன்றாகவே கற்றார். கடைசியில் மீனுக்குப் போகும் நாளும் வந்தது.

கயாக்கைத் தள்ளுமுன் அவள் கேட்டாள். “என்னென்ன போட்டிருக்கிறியள்? வெளியில இருந்து சொல்லிக்கொண்டு வாங்கோ.”

“டிரை சூட்.”

“உள்ள?”

“ஃபிளீஸ்.”

“அதுக்குள்ள?”

“கம்பளி.”

“அதுக்குள்ள?”

“அதுக்குள்ள நான்தான் ரீச்சர்.”

அன்று அவள் சிரித்தாள். “துடுப்பை மெதுவாய் வலியுங்கோ. வேர்க்கக் கூடாது.”

தலையை ஆட்டினார். ஆனால் மீன் இருக்கும் ஆழம் குடாவின் மறுபக்கம். ஆசைக்கு மெதுவாகப் போகத் தெரியுமா? தேர் வடம் பிடித்தவர்போல் வலித்தார். அவள் இரண்டு முறை பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். அவருக்குக் கேட்டது, கை கேட்கவில்லை.

ஆழத்துக்கு மேல் வந்து தூண்டிலை இறக்கினார்கள். இனிக் காத்திருக்க வேண்டும். கயாக்கில் காத்திருப்பவருக்கு எழும்பி நடக்க இடமில்லை. வெயில் மலைக்குப் பின்னால் போனது. பனியைத் தடவிக்கொண்டு ஒரு காற்று வந்தது. அருளம்பலத்துக்கு முதலில் முதுகு குளிர்ந்தது, பிறகு நெஞ்சு. அவர் சொல்லவில்லை. சொன்னால் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளே என்ற பயம்.

அப்போதுதான் தூண்டில் தடி வளைந்தது.

“ரீச்சர்!”

நல்ல பெரிய மீன். அவர் நூலைச் சுற்றினார். விரல் வழுக்கியது. திரும்பவும் சுற்றினார். ஆரணி தன் கயாக்கை அவருடையதோடு ஒட்டி நிறுத்தி இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். அவள் பார்த்தது மீனை அல்ல, அவர் உதட்டை. அது நீலம் பாரித்திருந்தது.

“அங்கிள், உங்கட வீட்டு நம்பர் என்ன?”

“அ... அது...” நாக்குத் தடித்துப்போய் வாயில் கிடந்தது. உடம்பு உதறியது.

“போவம். இதை விட்டிடுங்கோ.”

“முகம்... ஒருக்கா... முகத்தை மட்டும்...”

கீழே பச்சைத் தண்ணீரில் ஒரு வெள்ளை வயிறு புரண்டது. இன்னும் கொஞ்சம் சுற்றினால் மேலே வந்துவிடும். ஆரணி கத்தியை எடுத்துவிட்டாள். ஆனாலும் ஒரு மூச்சு நேரம் பொறுத்தாள்.

அவர் மீனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“வெட்டுங்கோ,” என்றார்.

வாழ்நாள் ஆசை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, குருவின் முகம் பார்த்து அதை விட்டாரே, அந்த மனுசனை மெச்சாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அவள் நூலை வெட்டினாள். தன் தலையிலிருந்த தடித்த தொப்பியைக் கழற்றி அவர் தலையில் இழுத்துவிட்டாள். இரண்டு கயாக்குக்கும் கயிறு போட்டாள்.

“சத்தமாய் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வாங்கோ. நிப்பாட்டக் கூடாது.”

எதிர்க்காற்றில் அந்தப் பெண் தன்னையும் இழுத்து அவரையும் இழுத்து வந்தாள். அவர் ஏழாம் வாய்ப்பாட்டில் பிழை விட்டபோது, துடுப்பை நிறுத்தாமலே திருத்தினாள்.

கரையில் படகுக் கொட்டகை. அவள் விறகடுப்பை மூட்டினாள். அவர் திரைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டு, உலர்ந்த உடுப்பு மாற்றி, போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து அடுப்படியில் இருந்தார். சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். முகத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியதும் கோபமும் கூடவே வந்தது.

“குறை நினைக்காதேங்கோ ரீச்சர். நீங்கள் தந்த சூட்டிலை ஓட்டை. உள்ளுக்கு ஒரே ஈரம். அதாலதான் என்ர மீன் போச்சுது.”

இழுத்துக்கொண்டு வந்தவளுக்குக் கிடைத்த நன்றி இது. நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆரணி எழும்பினாள். சூட்டின் மணிக்கட்டுகளை நூலால் கட்டினாள். கூரை வளையில் தொங்கவிட்டு, கழுத்து வழியாகக் காலும் கையும் நிறைய வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். சூட் ஊதிப்போய்த் தொங்கியது. கீழே பழைய பத்திரிகையை விரித்தாள்.

இருவரும் இன்னொரு தேத்தண்ணி குடித்தார்கள். அவர் அடிக்கடி குனிந்து பார்த்தார். பிறகு எழும்பிப் போய்ப் பத்திரிகையைத் தடவிப் பார்த்தார். அது காய்ந்தபடியே கிடந்தது.

ஆரணி அவர் கழற்றிப்போட்ட குவியலில் கை வைத்தாள். ஃபிளீஸ் காய்ந்திருந்தது. கம்பளியில் இலேசான ஈரம். அதற்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று தொப்பென்று விழுந்தது. அவள் அதை எடுத்து ஒரு சட்டியின் மேல் பிழிந்தாள். தண்ணீர் ஒழுகியது.

“இது என்ன?”

“பெனியன்.”

“பருத்தி வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்.”

“நீங்கள் உடுப்பைத்தானே...” என்று தொடங்கியவர், தன் பேச்சு தன் காதிலேயே விழுந்து நிறுத்திக்கொண்டார்.

போகும்போது துடுப்பு வலித்த வேகம் அவருக்கு நினைவு வந்தது. அத்தனை வேர்வையும் அந்தச் சட்டியில் கிடந்தது.

“ஒரு துளி கடலும் உள்ள வரேல்லை,” என்றார். “நான் வீணாய்ச் சூட்டைப் பழி சொன்னன். இனி என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டியள், என்ன ரீச்சர்?”

ஆரணி சட்டியை எடுத்துப் போய் வாசலில் ஊற்றினாள். திரும்பி வந்து பெனியனை அடுப்புக்கு மேல் கொடியில் போட்டாள்.

“வாற சனிக்கிழமை வாங்கோ அங்கிள்,” என்றாள். “கடலிலை வேண்டிய அளவு தண்ணி இருக்கு. வீட்டிலயிருந்து கொண்டு வராதேங்கோ.”