பொட்டைக் கழுவிவிட்டுப் போன தவளை

ஆவாரங்காட்டுக் குளம் வற்றிப் போயிருந்தது. நடுவில் ஒரு பள்ளத்தில்தான் தண்ணீர் மிச்சம். அந்தப் பள்ளத்துக்குக் காவலர் வேண்டும் என்று விலங்குகள் தேர்தல் வைத்தன. யார் எப்போது குடிக்கலாம், யார் தண்ணீரில் இறங்கலாம் என்பதெல்லாம் இனி காவலர் சொன்னபடிதான்.

தேர்தல் அதிகாரி காக்கை. கோடையில் அக்கம்பக்கத்துக் காட்டு விலங்குகளும் தண்ணீர் தேடி வந்துவிடும். அவை கூட்டத்தோடு கூட்டமாகக் கள்ள ஓட்டுப் போட்டுவிட்டால்? அதனால் அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டு உள்ளவர்களின் நெற்றியில் காக்கை முன்கூட்டியே செம்மண் பொட்டு வைத்துவிடும்.

போட்டியிட்டவர்கள் இருவர். காட்டுப்பன்றி செல்லையா, முள்ளம்பன்றி முனியாண்டி.

செல்லையாவின் வாயில் தேன் ஒழுகியது. வீடு வீடாகப் போனான். முயலுக்குக் கிழங்கு கொடுத்து "தம்பி" என்றான். ஆமையை "ஐயா" என்று கும்பிட்டான். பள்ளத்து ஓரத்தில் இருந்த தவளை மரகதத்திடம் வந்தான்.

"அக்கா, உன் பிள்ளைங்க என் பிள்ளைங்க மாதிரி!" என்றான்.

மரகதத்தின் தலைப்பிரட்டைகள் அந்தப் பள்ளத்தில்தான் நீந்திக்கொண்டிருந்தன. இன்னும் கால் முளைக்கவில்லை. கனத்த ஆசாமி யாராவது இறங்கிப் புரண்டால் அத்தனையும் சேற்றோடு சேறாகிவிடும். பாவம், தாய் மனசு. அந்த ஒரு பேச்சிலேயே உருகிவிட்டாள்.

முனியாண்டி யார் வீட்டுக்கும் போகவில்லை. எதிரே யாராவது வந்தால், "நானும் நிக்கிறேன். இஷ்டம்னா போடுங்க" என்று முறைத்துவிட்டுப் போனான். இப்படியும் ஒருவன் ஓட்டுக் கேட்பானா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அணில் வேலாயிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. செல்லையா தன்னை அக்கா என்றதை மரகதம் பெருமையாகச் சொன்னதும் வாலை ஆட்டிக்கொண்டு கேட்டாள்:

"அவன் உன்னை அக்கான்னானா, உன் நெத்தியில இருக்கிற பொட்டை அக்கான்னானா? கழுவிட்டு ஒருதரம் போய்ப் பாரேன்."

மரகதம் பதறினாள். பொட்டு அழியக்கூடாதே என்று தண்ணீரில் தலையை முக்காமல் கிடந்தவள் அவள். காக்கைக்கு நம் எல்லோரையும் தெரியும், கேட்டால் மறுபடி வைத்துவிடும் என்று வேலாயி தைரியம் சொன்னாள். மரகதம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முங்கு முங்கினாள்.

செல்லையா கருவேல மர நிழலில் படுத்திருந்தான். முகத்தை அவன் பார்க்கவே இல்லை. நெற்றியை மட்டும் பார்த்தான்.

"யாரு நீ? எந்தக் காடு?"

மரகதம் ஓர் அடி முன்னால் தத்தி வந்தாள். பள்ளத்தில் இருப்பவை தன் பிள்ளைகள் என்றும், அங்கே யாரையும் புரள விடக்கூடாது என்றும் மெல்லச் சொன்னாள்.

"ஓட்டு இல்லாதவளுக்கு ஒப்பாரி வேறயா? தேர்தல் முடியட்டும், அந்தப் பள்ளத்துல முதல்ல புரளப் போறதே நான்தான். வழியை விடு!"

அழுதுகொண்டே முனியாண்டியிடம் போனாள். அவன் எப்போதும் போலத்தான் முறைத்தான். கேட்டு முடித்ததும், "கால் எப்ப முளைக்கும்?" என்றான். மழைக்கு முன்னால் முளைத்துவிடும் என்றாள்.

"அதுவரைக்கும் யாரும் உள்ள இறங்கக் கூடாது. கரையில நின்னு குடிக்கட்டும். சரி, போ."

மரகதம் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. முயலின் வளையில் செல்லையா கொடுத்த கிழங்கு இன்னும் பாதி இருந்ததே! நம்ப வேண்டாம், நீங்களும் கழுவிக்கொண்டு போய்ப் பாருங்கள் என்றாள் வேலாயி. அதில் என்ன நஷ்டம் என்று எல்லோருக்கும் தோன்றியது.

தேர்தல் நாள் காலையில் புங்கமரத்தடியில் பெரிய வரிசை நின்றது. ஒரு நெற்றியிலும் பொட்டு இல்லை. காக்கை இன்னும் வரவில்லை. செல்லையா மட்டும் வந்துவிட்டான். வரிசையைப் பார்த்ததும் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆமையை மூக்காலேயே ஒதுக்கித் தள்ளினான்.

முயல் மெதுவாக, "அண்ணே, நான்தான்..." என்றது.

"எவன்டா உனக்கு அண்ணன்? ஓட்டில்லாத கூட்டத்துக்கு இங்க என்ன வேலை? ஓரமாப் போங்க. என் சனங்க வர்ற நேரம்!"

வரிசை கலைந்தது. ஓரமாகப் போய் நின்றார்கள். அந்த நேரத்தில் காக்கை, அழிந்த பொட்டு இருந்தால் திருத்துவதற்காக அலகில் செம்மண் உருண்டையோடு வந்து இறங்கியது. வெறும் நெற்றிகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. பிறகு ஓரத்தில் நின்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் பொட்டு வைக்கத் தொடங்கியது.

முயலின் நெற்றி சிவந்தது. செல்லையாவின் வாய் பிளந்தது. "தம்பி..." என்றான். ஆமைக்குப் பொட்டு விழுந்ததும் "ஐயா..." என்றான். மரகதத்தின் முறை வந்தபோது அவன் குரல் கம்மிப் போயிருந்தது.

"அக்கா..."

"சொல்லுங்க தம்பி. முதல்ல புரளப் போறது நீங்கதானே?" என்றாள் மரகதம்.

மரத்தடியில் விரித்திருந்த இரண்டு இலைகளில் ஓட்டுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டைகள் விழுந்தன. முனியாண்டியின் இலை நிரம்பி வழிந்தது. செல்லையாவின் இலையில் கிடந்தது ஒரே ஒரு கொட்டை. அது யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

ஜெயித்த முனியாண்டி நன்றி சொல்லவில்லை. "கரையில கூட்டம் போடாதீங்க, மண்ணு சரியுது" என்று எல்லோரையும் விரட்டிவிட்டுப் பள்ளத்தோரம் போய் முட்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் மழை விழுவதற்குள் மரகதத்தின் பிள்ளைகள் கால் முளைத்து, அவன் முதுகு முட்களுக்கு நடுவிலேயே குதித்து விளையாடின. அதற்கும் அவன் முறைத்தான்.

ஓட்டுக் கேட்டு வருபவர் நம்மிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை வைத்து அல்ல, ஓட்டு இல்லாதவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டே வாக்களிக்க வேண்டும்.