எண்ணெய் வேண்டாத விளக்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று கேட்டால் எனக்கும் தெரியாது, ஒரு ராஜாவுக்குப் பாவைக்கூத்து என்றால் உயிர். திரைக்குப் பின்னால் விளக்கு நன்றாக எரிந்தால்தானே பாவையின் நிழல் திரையில் தெளிவாக விழும்? அந்த விளக்கு செய்ய ஊரில் இரண்டு பட்டறைகள். ஒன்று அன்ன முத்திரை. மற்றது சீனியம்மாள் நடத்திய கிளி முத்திரை. ராஜா அன்னத்தின் கட்சி. அதனால் சபை மொத்தமும் அன்னத்தின் கட்சி.

அன்னப் பட்டறையில் புது விளக்கு ஒன்று தயாராகிறதாம், பௌர்ணமியன்று துணியை விலக்கிக் காட்டப்போகிறார்களாம் என்று செய்தி வந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு எண்ணெயே வேண்டாமாம் என்றார் மந்திரி விருத்தகிரி. திரியும் வேண்டாமாம் என்றார் தளபதி. புகை இராது, சூடு இராது, தூக்கினால் கனமே தெரியாது என்று ஆளுக்கொன்று சேர்த்தார்கள். ராஜா பூரித்துப்போனார். இனிமேல் கிளி விளக்கு எதற்கு என்று சீனியம்மாளின் பட்டறையைப் பூட்டச் சொல்லிவிட்டார்.

சபை விகடன் மாடக்கண்ணுவுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"பார்க்காத விளக்கை நம்பி எரிகிற விளக்கை அணைக்கிறோமே, பிரபு."

விருத்தகிரி இதற்காகவே காத்திருந்தவர். "விகடருக்கு அன்னத்தின்மேல் நம்பிக்கை இல்லை போலும். அந்தப் புது விளக்கை அவரே இன்று மாலைக் கூத்துக்குக் கொண்டுவரட்டும், பிரபு. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"சபையில் சொன்ன குணங்களில் ஒன்றும் குறையக் கூடாது," என்றார் ராஜா.

மாலையில் பழைய விளக்குகளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டுச் சபை காத்திருந்தது. மாடக்கண்ணு இரண்டு கைகளையும் ஏந்தியபடி வந்தான். திரைக்குப் பின்னால் குனிந்து எதையோ இறக்கி வைத்தவன்போல் நிமிர்ந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. பாவைக்காரர் பாவையைப் பிடித்தபடி நின்றார்.

"விளக்கு எங்கே ஓய்?" என்றார் ராஜா.

"வைத்துவிட்டேன், பிரபு. எண்ணெய் இல்லை, திரி இல்லை, புகை இல்லை, சூடும் இல்லை. கனம் உண்டா என்று மந்திரியார் தூக்கிப் பார்க்கட்டும்."

"வெளிச்சம்?"

"வெளிச்சம் வரும் என்று சபையில் யாருமே சொல்லவில்லையே, பிரபு."

ராஜா நினைத்துப் பார்த்தார். யாரும் சொல்லவில்லைதான். அவரும் கேட்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாடக்கண்ணுவுக்குப் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"கிளிப் பட்டறையின் சாவி, பிரபு."

அவன் சொல்லி அனுப்பியிருந்ததால் சீனியம்மாள் வாசலில்தான் நின்றிருந்தாள். வீட்டில் எரிந்த விளக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதை உள்ளே எடுத்து வந்ததும் சபைக்கு முகங்கள் தெரிந்தன. ராஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"உன் பட்டறையைப் பூட்டியது நான். நீ எதற்கம்மா விளக்கு கொண்டுவந்தாய்?"

"கூத்து நடக்கணுமில்லீங்களா, மகாராஜா."

அன்று கூத்து நடந்தது. ராஜா திரையைப் பார்த்தாரே தவிர, அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் பூட்டைத் திறக்க அவர் சேவகனை அனுப்பவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, மாடக்கண்ணுவை அழைத்துக்கொண்டு, தானே நடந்து போனார். வழி நெடுக மாடக்கண்ணு ஒரு விகடம்கூடச் சொல்லவில்லை.